எரித்துவிட்ட முட்டை அட்டை ரோஜாக்கள்

ராஸ்திலம்பி,
ஏப்ரல் 24

அன்பு மகள் ஹெய்னிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நாயும் உயிரோடு இருக்கிறோம், ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது, என் முழங்கால் வலி எப்போதும்போல அதன் இடத்தில் இருக்கிறது. அங்கே வான்கூவரில் நீயும் உன் வீட்டுக்காரரும் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஞாயிறுதோறும் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொள்கிறோமே, இந்த மனிதருக்கு இப்போது என்ன திடீர்க் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல முடியாத விஷயம். இந்த வீட்டில் சிக்னல் கிடைப்பது சமையலறை ஜன்னல் ஓரத்தில் மட்டும், உன் அம்மா நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதும் அதே ஜன்னல் ஓரத்தில். போன இரண்டு ஞாயிறும் அம்மா எங்கே என்று நீ கேட்டாய், வெளியே போயிருக்கிறாள் என்று ஒரு தடவையும் தூங்குகிறாள் என்று ஒரு தடவையும் சொன்னேன். இரண்டும் பொய். எனக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து, வரமாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி, பாதியில் தூக்கிப் போட்டுவிட்டுப் போனை எடுக்காதே.

எல்லாம் இந்தப் பாழாய்ப்போன முட்டை அட்டையால் வந்தது. அக்டோபரில் பக்கவாதம் வந்து உன் அம்மாவுக்கு வலப்பக்கம் விழுந்தபோது நீ வந்து மூன்று வாரம் இருந்தாய், நீ விமானம் ஏறிய அன்று அந்தக் கை மேசைமேல் செத்த மீன் மாதிரி கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனாய். அதற்குப் பிறகு சுகாதார நிலையத்திலிருந்து தீயா என்ற பெண் செவ்வாய்தோறும் வர ஆரம்பித்தாள், பிசியோதெரபி படித்தவள், மூக்கில் வளையம், காலுக்கொரு நிறத்தில் காலுறை. வந்தவள் ஒரு கிண்ணம் பட்டாணியைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொன்னாள். உன் அம்மாவா பொறுக்குவாள்? 'நான் என்ன கோழியா, இப்படிக் கொத்திக்கிட்டிருக்க?' என்று கிண்ணத்தை இடது கையால் தள்ளிவிட்டாள். துணி மாட்டும் கிளிப்பைக் கொடுத்தாள், அதையும் தள்ளிவிட்டாள். நவம்பர் கடைசியில் ஊர்ப் பெண்கள் சங்கத்தார் ஏலக்காய் ரொட்டியோடு நலம் விசாரிக்க வந்தார்கள், வந்தவர்கள் சும்மா போகாமல் முட்டை அட்டையில் ரோஜா செய்யும் வித்தையைச் சொல்லிவைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி.

உனக்குத் தெரியாமல் இருக்காது, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் நாலு மாதமாக இதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தவன் நான். முட்டை உட்காரும் குழிகளைத் தனித்தனியாக வெட்ட வேண்டும், ஓரத்தை இதழ் மாதிரி கத்தரிக்க வேண்டும், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருக வேண்டும், நடுவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு, அணைந்த மெழுகுவர்த்தி மிச்சங்களையெல்லாம் உருக்கி அதில் முக்கி எடுக்க வேண்டும். எதற்கு? அடுப்புப் பற்றவைக்க! நெருப்பில் போடுகிற பொருளுக்கு இதழ் எதற்கு, சுருள் எதற்கு, கல்யாணத்துக்கா போகிறது? கொட்டகையில் நாற்பது வருஷமாக நான் பிர்ச் மரத்துப் பட்டை உரித்து வைக்கிறேன், மழையில் நனைந்தாலும் பற்றும், காசில்லை, கத்தரி இல்லை, ஒரு கிழி கிழித்துப் போட்டால் முடிந்தது. உன் அம்மாவுக்கு ஒரு ரோஜா செய்ய ஒன்றரை மணி நேரம், அது எரிய ஒன்பது நிமிஷம், நான் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். சரி எரிக்கவாவது செய்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. பக்கத்து வீட்டு ஹெய்மோவின் மனைவி தனக்குக் கிடைத்த ஆறு ரோஜாவைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு முன்னறையில் வைத்திருக்கிறாள். விறகடுப்புச் சாமானைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து அழகு பார்க்கிற கூட்டத்தை நீ வேறெங்காவது கண்டதுண்டா? ரோஜாவோடு நின்றதா, அதுவும் இல்லை. கதவுக்கு முட்டை அட்டை வளையம், விளக்குக்கு முட்டை அட்டைக் குல்லா, ஈஸ்டருக்கு மஞ்சள் பூசிய முட்டை அட்டைக் குஞ்சுகள், அலமாரிமேல் ஓர் ஆந்தை, அச்சு அசல் ஹெய்மோவின் முகம். ஊரில் எந்தக் கோழி முட்டையிட்டாலும் அட்டை நம் வீட்டுக்கு வந்துவிடும், வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வாங்கி வந்தவன் யார் என்று கேள், முப்பத்தொரு வருஷம் நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டிய உன் அப்பன்தான். வாங்கி வந்து கொடுத்துவிட்டுத் திட்டுவேன், திட்டிவிட்டு மறுபடி போய் வாங்கி வருவேன். என் புத்தியும் அப்படித்தான் இருந்தது.

ஏன் வாங்கி வந்தேன் என்றால், அந்தக் கை அசைந்தது. அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் கட்டைவிரல் தனியாக நகர்ந்தது, பிப்ரவரியில் கத்தரிக்கோலைப் பிடித்தாள், மார்ச்சில் என் சட்டைப் பொத்தானை அவளே போட்டுவிட்டாள், நாலு பொத்தானுக்கு அரை மணி, நான் குதிரை மாதிரி அசையாமல் நின்றேன். தீயா கைகொட்டிச் சிரித்தாள். நானும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், வெளியே மட்டும் முட்டை அட்டையைப் பழித்துக்கொண்டே இருந்தேன், பழகிப்போன வாய்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன், ஏப்ரல் பதினொன்று. காலையில் காற்று இல்லை, பனி இன்னும் தரையில் இருந்ததால் ஏரிக்கரைச் சுள்ளிக் குவியலை எரிக்க நல்ல நாள், சாயங்காலம் நீராவிக் குளியலுக்குச் சவுனா அறையைச் சூடாக்க வேண்டும், வெந்நீர் அண்டா வைக்க வேண்டும், ரொட்டி அடுப்பும் மூட்ட வேண்டும். ஒரே நாளில் நாலு நெருப்பு. கொட்டகைக்குப் போனால் பட்டைக் கூடை காலி. ஆமாம், காலி. இவ்வளவு நேரம் பிர்ச் பட்டை பிர்ச் பட்டை என்று பீற்றிக்கொண்டவனின் கூடைதான். ஹெய்மோவிடம் சொல்லிவிடாதே. சவுனாவின் முன்னறையில் உன் அம்மா இரண்டு பெட்டி வைத்திருந்தாள், ஒன்றில் பார்க்க லட்சணமான ரோஜாக்கள், ஈஸ்டர் விற்பனையில் போக மிஞ்சியவை. இன்னொன்று செருப்புப் பெட்டி, அதில் இருபத்துமூன்று, பார்க்கச் சகிக்காதவை. ஒன்று வெறும் கிழிந்த குழி, நடுவில் விரல் போன ஓட்டை. ஒன்றை யாரோ மிதித்த மாதிரி இருந்தது. சிலவற்றில் ரோஜாவும் இல்லை, இதழும் இல்லை, கசங்கிய அட்டையில் மெழுகு வழிந்திருந்தது, அவ்வளவுதான். அடியில் பென்சிலில் ஏதோ எண் இருந்தது, கண்ணாடி போடாததால் நான் படிக்கவில்லை. சரி, நல்லதை விட்டுவைப்போம், அசிங்கமானதை எரிப்போம் என்று நினைத்தேன். என்ன பெரிய மனசு பார் எனக்கு! நாலு நெருப்புக்கும் அதையே வைத்தேன், ஈரச் சுள்ளி பற்றாமல் அடம்பிடித்ததால் அங்கே மட்டும் பத்துக்கு மேல் போயிற்று. பெட்டியையும் சேர்த்து எரித்தேன். நன்றாகவே எரிந்தது, பட்டையைவிட நன்றாக எரிந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் சவுனாவில் மேல்படியில் உட்கார்ந்திருந்தோம், கல்லில் தண்ணீர் ஊற்றினேன், ஆவி இதமாக, மெதுவாக வந்தது. 'இன்னைக்குச் சூடு நல்லா இருக்கே, எதை வச்சுப் பத்த வச்சீங்க?' என்று கேட்டாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, 'உன் ரோஜாவ வச்சுத்தான், யாரும் எரிக்கறதில்லன்னு நான் சொன்னேன்ல, இன்னைக்கு எரிச்சாச்சு, அந்தச் செருப்புப் பெட்டியில கெடந்த கண்றாவியெல்லாம் தீத்துக்கட்டிட்டேன்' என்றேன். பாராட்டுவாள் என்று காத்திருந்தேன், ஹெய்னி. சத்தியமாகப் பாராட்டுவாள் என்றுதான் காத்திருந்தேன். அவள் படி இறங்கி, தலைகூட அலசாமல் போய்விட்டாள். சூடு அதிகமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து நான் இன்னொரு கரண்டி தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.

ஞாயிறு பேசவில்லை, திங்கள் பேசவில்லை. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை, நம் வீட்டில் இரண்டு மூன்று நாள் பேசாமல் இருப்பது ஒரு செய்தியே இல்லையே. செவ்வாய்க்கிழமை தீயா வந்து காபி குடித்துக்கொண்டே, 'அம்மா, அந்தப் பழைய பெட்டிய எடுத்துட்டு வாங்க, முதல் ரோஜாவையும் போன வாரம் செஞ்சதையும் பக்கத்துல வச்சுப் பாப்போம்' என்றாள். உன் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, 'அது சவுனாவுல போயிடுச்சு' என்றாள். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள் பார், எழுபத்துநாலு வயதில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு வாசலில் வைத்துச் சொன்னாள். அந்த எண்ணெல்லாம் தேதியாம். நவம்பர் இருபத்தெட்டு அன்று அந்தக் கை முதல்முதலாகச் செய்தது அட்டையைக் கிழித்தது மட்டும்தானாம், அந்த ஓட்டை அவள் கட்டைவிரல் போன ஓட்டையாம். சனிக்கிழமைகளில் நான் வெளிப்படியில் உட்கார்ந்து பீர் குடித்து ஆறிக்கொண்டிருக்கும்போது அவள் முன்னறையில் அந்த இருபத்துமூன்றையும் பெஞ்சில் வரிசையாக அடுக்கிப் பார்ப்பாளாம், கை எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று. நாலு மாதம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்ததும் இல்லை. அந்த வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டேன், வேறென்ன செய்ய.

அன்றிலிருந்து கத்தரிக்கோல் இழுப்பறைக்குள் போய்விட்டது. சூப்பை இடது கையால் குடிக்கிறாள், வலது கை மடியில் கிடக்கிறது, விரல்கள் உள்பக்கம் மடங்க ஆரம்பித்திருக்கின்றன, நான் பார்க்காத மாதிரி பார்க்கிறேன். போன செவ்வாய் தீயா, 'ஐயா, ஒரு மாசம் இப்படியே விட்டீங்கன்னா கை பழையபடி மூடிக்கும், அப்புறம் தெறக்கறது ரொம்பக் கஷ்டம், கோவத்த வேற எதுலயாவது காட்டச் சொல்லுங்க' என்றாள். நான் சொல்லி இந்த வீட்டில் எது நடந்திருக்கிறது? எனக்குப் பயமாக இருக்கிறது, ஹெய்னி. வாழ்நாளில் இதை எழுதுவது முதல் தடவை, திரும்பிப் படிக்காமல் மேலே போகிறேன்.

மன்னிப்புக் கேட்டீர்களா என்று கேட்பாய். கேட்டேன், விறகுக் கொட்டகையில், நாயிடம். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, இரண்டு தடவை அருகில் போய் நின்று, நாளைக்கு மழை வரும்போல என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் ஊர்க்காரர்கள் மாதிரி மனம் விட்டுப் பேசுங்கள் அப்பா என்று எழுதிவிடாதே, அந்தப் பேச்சு எனக்கு அடுத்தவன் சட்டையைப் போட்ட மாதிரி இருக்கும். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன், வேலையில் இறங்கினேன். பரணிலிருந்து அட்டையை இறக்கி, மேசைமேல் கொட்டி, மூன்று மணிக் காபி ஆனதும் நானே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்காருகிறேன். இந்தக் கையைப் பற்றி என்ன சொல்ல! பனிக்கட்டி பிடித்த இரும்புச் சங்கிலியை இருட்டில் வண்டிச் சக்கரத்தில் மாட்டிய கை, ஓர் இதழ் வெட்டத் தெரியவில்லை. கத்தரிக்கோல் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையவில்லை, நுழைந்தது வெளியே வரவில்லை. முதல் நாள் மூன்று செய்தேன், ஒன்றை நாய் தின்றுவிட்டது, தின்றுவிட்டுத் துப்பியும்விட்டது. ரம்பத்துக்கு அரம் கேட்டு வந்த ஹெய்மோ வாசலிலேயே நின்று, 'டேய் ஆர்வி, என்னடா பண்ற? ரோஜாவா அது? மாடு மிதிச்ச காளான் மாதிரி இருக்குடா!' என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். 'வாய மூடிக்கிட்டு காபியக் குடி' என்றேன். வேறென்ன சொல்ல, அவன் பொய் சொல்லவில்லையே. நாளைக்கு ஊரெல்லாம் சொல்வான், சொல்லட்டும். இதுவரை பதினேழு ஆகியிருக்கிறது, பதினேழும் அவள் செய்த முதல் ஓட்டையைவிட மோசம், அடியில் தேதி போட்டு வைத்திருக்கிறேன். ஏன் போட்டேன் என்று என்னைக் கேட்காதே.

அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் மெழுகு உருகும் வாசனை வந்ததும் தலை லேசாகச் சாய்கிறது, எனக்குத் தெரியாதா. நேற்று முன்தினம் நான் ஒன்றை முக்கி எடுத்தபோது, திரும்பாமலேயே, 'மெழுகு கொஞ்சம் ஆறட்டும் மனுஷா, அட்டை வேகுது' என்றாள். பதினொரு நாளில் என்னிடம் முதல் பேச்சு. நான் உடனே மெழுகை இறக்கி வைத்தேன், அவசரத்தில் மேசையெல்லாம் சிந்தியது. அதற்குப் பிறகு மறுபடி ஒன்றும் இல்லை.

இப்போது உன்னிடம் வேண்டியது ஒன்று. ஜனவரியில் உன் பிறந்தநாளுக்கு அவள் ஒரு ரோஜாவை உறையில் வைத்து அனுப்பினாளே, தட்டையாக நசுங்கி வந்தது என்று நீகூடச் சிரித்தாயே, அது அந்தப் பெட்டியிலிருந்து போனதுதானாம், தீயா சொன்னாள். உலகத்தில் மிஞ்சியிருப்பது அது ஒன்று. உன் வீட்டில் நெருப்பு பொத்தானை அழுத்தினால் வருவது, ஆகையால் எரித்திருக்கமாட்டாய் என்று நம்புகிறேன், எங்கேயாவது தூக்கிப் போட்டிருந்தால் தேடு, அலமாரிக்குப் பின்னால் பார், உன் வீட்டுக்காரர் குப்பையில் போட்டிருந்தால் என்னிடம் சொல்லாதே. தபாலில் அனுப்பாதே, வழியில் தொலைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் அதைக் கேமரா அருகில் பிடித்துக் காட்டு, அடியில் இருக்கும் தேதியைச் சத்தமாகப் படி. அம்மாவைக் கூப்பிடு என்று கேட்காதே, நீ பாட்டுக்குப் படி, அவள் மூன்றடி தள்ளித்தான் இருப்பாள்.

மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. கூரையிலிருந்து பனி இறங்கிவிட்டது, உருளைக்கிழங்கு விதைக்கு முளைகட்டி வைத்தாயிற்று, அதையும் உன் அம்மாவின் முட்டை அட்டையில்தான் நிமிர்த்தி வைத்திருக்கிறேன், அதற்கு மட்டும் அது உருப்படியான சாமான். நீ வண்டி ஓட்டும்போது மழையில் வேகத்தைக் குறை, டயரைப் பார்த்துக்கொள், காலையில் வெறும் வயிற்றில் அந்தப் பச்சைச் சாற்றைக் குடிப்பதை நிறுத்து, கஞ்சி குடி. ஒரு வேலைக்கு இரண்டு வேலை பார்க்கிறாய் என்று தெரியும், கோடையில் வர முடியுமா என்று நான் கேட்கவில்லை, வந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கடவுள் உன்னையும் உன் வீட்டுக்காரரையும் பத்திரமாக வைத்திருக்கட்டும், கை கால் சுகத்தோடு நீண்ட நாள் இருங்கள், கை சுகத்தை நான் இப்போது தனியாகவே வேண்டிக்கொள்கிறேன். ஞாயிறு, தேதி, சத்தமாக. மறந்துவிடாதே.

இப்படிக்கு,
புத்தி கெட்ட உன் அப்பா,
ஆர்வி


ஹெய்னி, மதியம் தபால் தலை தேடிக்கொண்டு கொட்டகைக்குப் போன இந்த மனிதர் இன்னும் திரும்பவில்லை. படித்துவிட்டேன். நாயிடம் கேட்டாராம் மன்னிப்பு. அவர் செய்த பதினேழையும் இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், ஒன்றுகூட நிற்கவில்லை. நாளை நான் உட்காராவிட்டால் ஊரில் ஓர் அட்டை மிஞ்சாது. உன்னிடம் இருப்பதைப் போனில் காட்ட வேண்டாம். கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கொளுத்தி, அதில் காபி வைத்துக் குடி. எரிப்பதற்காகத்தான் அதையெல்லாம் செய்தேன். என்னைக் கேட்டுவிட்டு எரிக்க வேண்டும், அவ்வளவுதான். எழுத்து கோணலாக இருக்கும், மதியத்திலிருந்து எழுதுகிறேன், வலது கை.

அம்மா